"எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்கும் டாக்டர்களுக்கு

தமிழ்நாட்டின் மனநல மருத்துவர்களுக்கும், உளவியல் ஆலோசகர்களுக்கும், அந்தப் படிப்பை இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வாரத்தில் இரண்டு சாயங்காலம், எங்களைப் போன்றவர்கள் மனம்விட்டுப் பேசுவதற்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு போனை எடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படுகிறவர்களுக்குத் துணைக்கும் போகிறேன். அப்படிப் போய்ப் போய், உங்கள் அறைகளுக்கு வெளியே கிடக்கும் பெஞ்சுகள் எனக்கு நல்ல பழக்கம். எந்த பெஞ்சுக்கு மேல் ஃபேன் ஓடும், எங்கே டோக்கன் நம்பர் சொல்வார்கள், எங்கே பேரைச் சொல்லிக் கத்துவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. பேர் விஷயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். சேலை கட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு திருநங்கையை, ஆதாரில் இருக்கிற ஆண் பேரைச் சொல்லி ஐம்பது பேர் நடுவில் கூப்பிட்டால், அவர் எழுந்திருப்பார். உங்கள் அறைக்குள் வரமாட்டார், வாசலுக்குப் போய்விடுவார். நான் பின்னாலேயே ஓடியிருக்கிறேன்.

எங்களைப் போன்றவர்கள் என்றது பால்புதுமையினரை. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், இரண்டு பேரையும் விரும்புகிறவர், திருநங்கை, திருநம்பி, இதில் எந்தப் பெயரும் தனக்கு ஒட்டவில்லை என்பவர், எல்லாரும்தான். 2022-ல் தமிழ்நாடு அரசு எங்களை எப்படி அழைப்பது என்று ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. ஆகவே சொல் தெரியாது என்று இனி யாரும் தப்பிக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரி விடுதியில் ஒரு கடிதம் மாட்டி, விஷயம் வீட்டுக்குப் போய், அம்மா என்னை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கத்தவில்லை, திட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். முதல் கேள்வி, "எப்போதிலிருந்து இப்படி?" இரண்டாவது கேள்வி, "சின்ன வயசுல யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்களா?"

அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நடந்திருந்தது. பதினோரு வயதில், எனக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவர். எட்டு வருடமாக வாய் திறக்காதவன், ஒருத்தர் கேட்டுவிட்டாரே என்ற ஒரே காரணத்துக்காக, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். சொன்னதும் டாக்டர் முகம் தெளிந்தது. ரொம்ப நேரமாகத் தேடிய சாவி சட்டைப் பையிலேயே கிடைத்த மாதிரி. பேனா வேகமாக ஓடியது. என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "அதாம்மா காரணம். அதுலதான் மனசு திரும்பிப்போச்சு. சரி பண்ணிடலாம்."

அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. பிள்ளை பிறவியிலேயே இப்படி இல்லை, எவனோ கெடுத்துவிட்டான், மாத்திரையில் தீரும். அறையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் நிம்மதியாகிவிட்டோம் என்று நினைத்தார்கள். அது எத்தனை மாதம் நடந்தது, அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார், இன்னும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாரா, ராத்திரி தூக்கம் வருகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா? இதில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. மூன்று மாத்திரை, ஒரு மாதம் கழித்து வரவேண்டிய தேதி, "ரெண்டு வருஷத்துல ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சிடுங்க" என்ற அறிவுரை. அவ்வளவுதான்.

எனக்கு நடந்த ஒரு குற்றத்தை எடுத்து, என் ஆசைக்குக் காரணம் என்று எழுதிவிட்டார். அதன் விளைவு என்ன தெரியுமா? அடுத்த பன்னிரண்டு வருடம் அந்த டியூஷன் வாத்தியாரைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. சொன்னால் "பாத்தியா, அதான்" என்பார்கள். நான் நானாக இருப்பதற்கான நியாயத்தைக் காப்பாற்றிக்கொள்ள, எனக்கு நடந்ததை விழுங்க வேண்டியிருந்தது. ஒருவரை உண்மையாக நேசித்த காலத்தில்கூட, நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, இது என் ஆசையா, இல்லை அந்த ஆள் விட்டுப்போன எச்சிலா என்று யோசித்திருக்கிறேன். அந்தச் சந்தேகத்தை எனக்குள் போட்டது வாத்தியார் இல்லை. டாக்டர்.

எங்கள் போனுக்கு வரும் குரல்களில் இந்தக் கதை வேறுவேறு ஊர் உடுப்பில் திரும்பத் திரும்ப வருகிறது. மாமா, பக்கத்து வீட்டு அண்ணன், விடுதி சீனியர். எல்லாரும் கடைசியில் அதே வாக்கியத்துக்கு வருவார்கள்: "அதனாலதான் நான் இப்படி ஆயிட்டேனா அண்ணா?"

கணக்கு எழுதுகிறவன் என்பதால் ஒரு கணக்கு சொல்கிறேன். 2007-ல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். அவர்களில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் 52.94 சதவீதம் ஆண் பிள்ளைகள். அந்த டாக்டரின் கணக்கு சரி என்றால், இந்நேரம் ஊரில் பாதி ஆண்கள் எங்கள் பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்றுக்கொண்டு, எதையும் வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் "அதனால்தான் உங்களுக்குப் பெண் மேல் ஆசை வந்ததா?" என்று கேட்டதுண்டா?

காரணத்தைத் தேடியே ஆக வேண்டும் என்றால் அம்பைத் திருப்பி வைத்துப் பாருங்கள். நடையில், பேச்சில், விளையாட்டில் கொஞ்சம் வேறாக இருக்கும் பிள்ளைக்குக் கூட்டாளிகள் குறைவு. வகுப்பில் "ஒன்பது" என்று பட்டப்பேர். வீட்டிலும் "ஆம்பளையா நட" என்று ஏச்சு. இந்தப் பிள்ளை எதையும் வீட்டில் சொல்லாது என்பது அப்படிப்பட்ட ஆட்களுக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். நாங்கள் வேறாக இருந்ததால்தான் எளிதில் மாட்டினோம் என்று ஒரு டாக்டராவது அம்மாவிடம் சொல்லியிருந்தால், அம்மா வீட்டுக்குப் போனதும் வேறு மாதிரி அழுதிருப்பார்.

இதெல்லாம் உங்களுக்குப் புதிய பாடம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990 மே 17 அன்று. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது நோயில்லை என்று பகிரங்கமாகச் சொன்னது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 18-வது பிரிவு, பாலீர்ப்பை வைத்துச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு, எங்களை "மாற்றும்" சிகிச்சைக்குத் தடை போட்டது. எனக்கு அந்த வழக்கில் பிடித்த விஷயமே வேறு. தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று நீதிபதி வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் தீர்ப்பு எழுதினார். அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படி "மாற்றும்" சிகிச்சை கொடுப்பது தொழில் ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது.

அதே ஆணையம் 2024 ஆகஸ்டு கடைசியில் வெளியிட்ட பாடத்திட்டத்தில் தன்பால் உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களின் கீழே திரும்பக் கொண்டுவந்து வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் வாபஸ் வாங்கியது. நீங்கள் படித்த தடயவியல் புத்தகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாங்கள் எந்த அத்தியாயத்தில் இருந்தோம்? பாலியல் குற்றங்கள் அத்தியாயத்தில். அதுவும் குற்றம் செய்கிறவர்களாக. அந்த அத்தியாயத்தைப் படித்து வளர்ந்த கண்ணுக்கு, நாங்கள் குற்றத்துக்கு ஆளானவர்களாக எதிரே வந்து உட்காரும்போது தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று ஒன்று சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் எதையும் சொல்லமாட்டேன்.

இருபத்துநான்கு வயதுப் பையன். ஆப்பில் பழகிய ஒருவர் முகவரி கொடுத்து வரச் சொல்லியிருக்கிறார். போனால் அங்கே மூன்று பேர். அடித்து, வன்புணர்ந்து, வீடியோ எடுத்து, போனைப் பிடுங்கி அவன் விரலையே வைத்துத் திறந்து, இருந்த பணத்தையெல்லாம் அனுப்ப வைத்து, விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இரண்டாவது நாள் அவன் எப்படியோ தைரியத்தைத் திரட்டி ஓர் ஆலோசகரிடம் போயிருக்கிறான். அவர் கேட்டது: "முன்னப்பின்ன தெரியாதவங்க வீட்டுக்கு எதுக்குப் போனீங்க?" அடுத்தது, நீங்கள் ஊகித்திருப்பீர்கள், "எப்போதிலிருந்து இப்படி?" முக்கால் மணி நேரம் அவனுடைய பள்ளிக்கூடக் காலம், அப்பாவோடு உறவு, பெண்களோடு பழகியது உண்டா என்று போயிருக்கிறது.

எங்கள் போனுக்கு அவன் கூப்பிட்டது ஐந்தாவது நாள் ராத்திரி.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. அவன் அந்த ஆலோசகரின் எதிரே உட்கார்ந்திருந்தபோது கையில் இன்னும் முப்பது மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. அவனுடைய பள்ளிக்கூடக் காலத்தை விசாரித்த முக்கால் மணி நேரத்தில், "ஜி.எச்.சுக்குப் போனீங்களா?" என்று கேட்க ஐந்து வினாடி கிடைக்கவில்லை. அப்புறம் மூன்று மாதம், ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான் கூடப் போனேன். லேப் வாசலில் அவன் செருப்பைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி நிற்பான். தொற்று இல்லை என்று முடிவாக வந்த அன்றைக்கும் அவன் சிரிக்கவில்லை.

அவன் என்னிடம் சொல்ல ரொம்ப நாள் எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த ராத்திரி, பயத்துக்கும் வலிக்கும் நடுவில், அவனுடைய உடம்பு அவனைக் கேட்காமலே எழும்பியிருக்கிறது. "அப்போ எனக்கும் அது பிடிச்சிருந்துச்சா அண்ணா?" உள்ளங்கால் கூசினால் சிரிப்பு வருகிறது, வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வருகிறது, அது சந்தோஷமும் இல்லை துக்கமும் இல்லை, உடம்பின் வேலை, அது சம்மதம் ஆகாது என்று எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். கத்தாமல் கல்லாகக் கிடந்ததும் அப்படித்தான், பயத்தில் உடம்பு உறைந்துபோகும் என்றேன். என் வாயால் சொன்னது அவனுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் சொல்லியிருந்தால் முழுதாகப் போயிருக்கும். நீ அப்படிப்பட்டவன்தானே, உனக்கு என்ன புதுசா என்ற ஏளனத்தை வன்புணர்ந்தவர்களே அவன் காதில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள். அதை அழிக்க டாக்டர் குரல்தான் வேண்டும்.

போலீசுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போய் என்னவென்று எழுதிக் கொடுப்பது? எங்கள் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவை வெள்ளைக்காரன் 1860-ல் எழுதினான். ஒன்றரை நூற்றாண்டு அதை வைத்து எங்களை மிரட்டிக் காசு பறித்தார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பது குற்றம் இல்லை என்றது. சம்மதம் இல்லாமல் செய்தால் மட்டும் அந்தப் பிரிவு செல்லும் என்று விட்டுவைத்தது. வன்புணர்வுச் சட்டத்திலோ பாதிக்கப்பட்டவர் பெண்ணாக மட்டுமே இருக்க முடியும். வளர்ந்த ஆணுக்கு 377-ஐ விட்டால் வேறு கதி இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது அந்த மிச்சத்தையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ஆணுக்கும் திருநருக்கும் இது நடக்கிறது, சட்டம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பாலியல் குற்றச் சட்டங்களைத் திருத்துவதற்காக அமைத்த நீதிபதி வர்மா குழு 2013-லேயே எழுதியிருந்தது. சம்மதம் இல்லாத செயலுக்காவது அந்தப் பிரிவு இருக்கட்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-ல் சொன்னது. இரண்டும் எடுபடவில்லை. அந்தப் பையனுக்காக ஒரு வக்கீலிடம் கேட்டோம். காயம் ஏற்படுத்தியது, அடைத்து வைத்தது, மிரட்டிப் பணம் பறித்தது, வீடியோ எடுத்தது, இவற்றுக்கெல்லாம் பிரிவு உண்டு என்றார். நடந்ததிலேயே பெரியது எதுவோ அதற்கு மட்டும் பேர் இல்லை.

திருநங்கைக்கு நடந்தால்? 2019-ன் திருநர் பாதுகாப்புச் சட்டம் 18-வது பிரிவில் பாலியல் கொடுமைக்குத் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம். பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து வருடம். ஒரே செயல், ஒரே வலி. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு எல்லா ஆஸ்பத்திரியும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்று சொல்லும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-வது பிரிவு, பாலியல் குற்றங்களில் பெண்கள் மீதானவற்றையும், குழந்தைகளுக்கான போக்சோ சட்டத்தில் வருபவற்றையும்தான் வரிசையாகச் சொல்கிறது. வளர்ந்த ஆணும், திருநர் சட்டத்தின் கீழ் வரும் வழக்கும் அந்த வரிசையில் இல்லை.

சட்டம் உங்கள் வேலை இல்லை என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் சட்டம் பேர் வைக்காத ஒன்று நடந்தது என்பதற்கு இந்த உலகத்தில் மிஞ்சும் ஒரே காகிதம் உங்கள் கேஸ் ஷீட்டும், ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டின் காப்பியும்தான். அதில் "தன்பால் ஈர்ப்பு உடையவர், பதற்றம், தூக்கமின்மை" என்று மட்டும் எழுதி, வன்புணர்வு என்ற சொல்லை விட்டுவிட்டால், அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. 2014-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைப் பரிசோதிக்கும் வழிகாட்டுதலில், எங்களைப் போன்றவர்கள் வந்தால் எப்படி நடத்த வேண்டும் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. கேஷுவாலிட்டி டாக்டர்களில் அதைப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உங்களில் யாராவது ஒருவர் அச்சடித்து அங்கே மேஜையில் வைத்தால் புண்ணியமாகப் போகும்.

பெண்ணை விரும்பும் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர்கள் என்னைத் திட்டுவார்கள், நியாயமாகத்தான். எங்கள் போனுக்கு ஒருவர் பாத்ரூமிலிருந்து பேசுவார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில். விஷயம் தெரிந்த மூன்றே மாதத்தில் வீட்டில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். ஒருத்தன் தொட்டால் சரியாகிவிடும் என்று சொந்த அத்தையே சொன்னாராம். வாரத்தில் பாதி ராத்திரி வன்புணர்வு. ஆனால் கணவன் செய்தால் அது வன்புணர்வு இல்லை என்று புதுச் சட்டத்தின் 63-வது பிரிவு விதிவிலக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. அவரை வீட்டார் டாக்டரிடம் கூட்டிப்போனது, "புருஷன்கிட்ட ஒட்டமாட்டேங்கிறா" என்று. மாத்திரையும் கொடுத்து, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். மாமியார் அந்த அறையிலேயே இருந்தார். உங்களிடம் எத்தனை பேர் மாமியார் முன்னால் உண்மை சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் நடப்பது தனிக் கதை. காவலர்களின் பாலியல் கொடுமை தாங்காமல் சென்னையில் ஒரு ஸ்டேஷன் வாசலிலேயே தீ வைத்துக்கொண்டு இறந்தவருக்காக, 2007-ல் உயர் நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பால்புதுமையினரைத் தொல்லை செய்யக் கூடாது என்று காவலர் நடத்தை விதியில் 24-சி சேர்ந்தது 2022-ல்தான். தற்கொலைக்கு முயன்று உங்கள் வார்டுக்கு வரும் எங்கள் ஆட்களிடம், காதல் தோல்வியா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இன்னும் நீக்கப்படாமல் கிடக்கின்றன. அங்கே போலீஸ் பிடித்துவந்தவர்களுக்கு மலவாய்ப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டர்களிடம் அனுப்பியது வெளியே வந்திருக்கிறது. சான்று தேடுகிறோம் என்ற பேரில் டாக்டர் கையாலேயே இன்னொரு வன்முறை. அங்கிருந்து ஒரு தமிழ்ப் பையன் இரண்டு வருடம் முன்னால் எங்களிடம் பேசினான். டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு வயிறு பிசைகிறது.

இதையும் எழுதிவிடுகிறேன், எங்கள் ஆட்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வன்முறை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. கூட வாழும் துணை கட்டாயப்படுத்துவது உண்டு. அடைக்கலம் கொடுத்த மூத்தவர் அதற்கு விலை கேட்பதும் உண்டு. வெளியே சொன்னால் மொத்தச் சமூகத்துக்கும் கெட்ட பேர் என்று நாங்களே அமுக்கிவிடுகிறோம். அதனால் உங்களிடம் ஓர் ஆண் வந்து தன் துணைவனைப் பற்றிப் பேசினால், "ஓ, நல்ல உறவுதானே, வாழ்த்துகள்" என்று முற்போக்காகச் சிரித்து முடித்துவிடாதீர்கள். அதுவும் கேட்காமல் விடுவதுதான்.

நல்லவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மேற்படிப்புப் படிக்கும் ஒரு பெண் டாக்டரைச் சொல்ல வேண்டும். ஒரு திருநம்பியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பா கூடவே வந்திருந்தார். டாக்டர் அப்பாவிடம், "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க, இது எல்லா பேஷன்ட்டுக்கும் இருக்கிற ரூல்" என்றார். அப்படி ஒரு ரூல் அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்களை நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டார். பிறகு, "இப்ப இருக்கிற வீட்ல பாதுகாப்பா இருக்கீங்களா? யாராவது உங்க இஷ்டம் இல்லாம தொடறாங்களா?" அதோடு ஒன்று சொன்னார்: "இதைப் பத்தி எங்களுக்குச் சரியாச் சொல்லித்தரல. நான் ஏதாவது தப்பாக் கேட்டா உடனே சொல்லுங்க." அந்தத் திருநம்பி பதினைந்து நிமிடம் பேசினார். எப்போதிலிருந்து இப்படி என்ற கேள்வி கடைசிவரை வரவில்லை. தேவைப்படவும் இல்லை.

14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் ராத்திரி பகலாகப் பேசும் ஆலோசகர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்களுக்குக் கதவைச் சாத்தும் வசதி இல்லை. ஆனால் "பக்கத்துல யாராவது இருக்காங்களா, ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்கலாம். சங்கங்களின் பொறுப்பில் இருக்கும் மூத்தவர்களிடம் ஒன்று: 377 வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது மனநல மருத்துவர்கள் சிலர் தாங்களாகவே முன்வந்து எங்களுக்காக மனு போட்டார்கள். இப்போது சட்டத்தில் இருக்கும் இந்த ஓட்டையைப் பற்றி உங்கள் சங்கம் அரசுக்கு ஒரு பக்கம் எழுதினால், எங்கள் நூறு பக்கத்தைவிட எடை அதிகம்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வருகிறேன். வயது இருபது. போனில் என்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறான், மீதியை டாக்டரிடம் சொல்கிறேன் என்றிருக்கிறான். அவனுடைய அம்மாவும் வருகிறார். அவரை நான் வெளி பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பேன். உள்ளே அனுப்பச் சொல்லி அவர் எழுந்து வந்தால் மட்டும், பத்து நிமிடம் பொறுங்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன்